கடுதாசிக் கல்யாணம்

சொர்ணம்மாளுக்கு அரைகுறை வேலை ஆகாது. யாங்கூனின் தாமுவே சந்தையில் முப்பது வருடமாக வெங்காயமும் காய்ந்த மிளகாயும் விற்கிறவள். சரக்கு எடுத்தால் ரசீது வேண்டும். ரசீதில் முத்திரை வேண்டும். முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் இன்னொரு தடவை குத்தச் சொல்லி, மை காயும்வரை நின்று ஊதி வாங்கி வருவாள். இந்தக் குணத்தால் சந்தையில் ஒருத்தனும் அவளை ஏமாற்றியதில்லை. பெற்ற மகளைக் கூண்டில் வைத்துப் பூட்டியதும் இதே குணம்தான்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து, தை பிறந்த சமயம். வயசுப் பெண்களின் பெயர்களையும் இனிப் பட்டாளப் பட்டியலில் எழுதப்போகிறார்கள் என்று சந்தையில் பேச்சுக் கிளம்பியது. பையன்களை இழுத்துக்கொண்டு போவது ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மின்வெட்டுக்குப் பழகின மாதிரி ஜனங்கள் அதற்கும் பழகிவிட்டார்கள். பெண்பிள்ளைகள் என்றதும்தான் சந்தை கொஞ்சம் நின்று மூச்சு வாங்கியது. கல்யாணமான பெண்களுக்கு விலக்கு உண்டு என்று தெரிந்ததும் மறுபடி நடக்க ஆரம்பித்தது. அந்த மாதம் யாங்கூனில் பூ விலை இரண்டு மடங்கு ஏறியது. பத்து வருடமாக ஒருவரை ஒருவர் ஏறெடுத்துப் பார்க்காத ஜோடிகளெல்லாம் அவசரமாகக் காதலித்தார்கள்.

சொர்ணம்மாளின் மகள் விஜயகுமாரிக்கு இருபத்து நாலு வயது. முதியோரைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருந்தாள். பக்கத்துத் தெருவில் கைகால் விழுந்துபோன ஒரு சீனக் கிழவருக்கு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள். இதே வேலையை இங்கிலாந்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே எண்ணம்.

மாப்பிள்ளை தேடி வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. சொர்ணம்மாளின் இறந்துபோன தம்பிக்கு ஒரே மகன், கணேஷ்குமார். அலோன் துறைமுகத்தில் கிடங்கு ஒன்றில் மூட்டை எண்ணி எழுதுகிற வேலை. முறைப்பையன். ஆனால் விஜயாவும் அவனும் சின்ன வயதில் ஒரே கிண்ணத்தில் மோஹிங்கா மீன்சாறு குடித்து, கடைசி வாய்க்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள். ஆசை வருவதற்குக் கொஞ்சம் தூரம் வேண்டும்; இவர்களுக்கு நடுவில் அது இருந்ததே இல்லை.

சொர்ணம்மாள் மகளையும் கூட்டிக்கொண்டு அலோனுக்குப் போய், தம்பி மனைவி காளியம்மாவின் ஒற்றை அறையில் உட்கார்ந்து விஷயத்தை அவிழ்த்தாள்.

"வெறும் கடுதாசிக்குத்தான் காளி. நாடு அடங்குனதும் கிழிச்சுப் போட்டுறலாம்."

"நாடு என்னைக்கு மதினி அடங்குச்சு? நான் பொறந்ததுலேர்ந்து பாக்குறேன்."

கணேஷ்குமார் சுவரில் சாய்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தான். "அத்தே, கடுதாசிக்கு மட்டும்னா ஒரு ரேட்டு. புருசன்னு சொல்லிக்கிட்டு தெருவுல கூட நடக்கணும்னா வேற ரேட்டு. எது வேணும்?"

"செருப்பு ஒரே ரேட்டுத்தான்டா" என்றாள் சொர்ணம்மாள்.

வாசலில் நின்ற விஜயா சிரித்தாள். "கணேசு, பல்ல வெளக்கிட்டு வந்து கையெழுத்துப் போடு. போட்டோவுல பாக்குக் கறை தெரியக்கூடாது."

இந்த மாதிரிக் கல்யாணங்களை முடித்துக்கொடுக்கும் வக்கீல் குமாஸ்தா ஒரு தாளும் இரண்டு கையெழுத்தும் போதும் என்றுதான் சொன்னான். சொர்ணம்மாளுக்கு மனம் ஆறவில்லை. நாளைக்கு எவனாவது வந்து இது பொய்க் கல்யாணம் என்று சொல்லிவிட்டால்? ஆகவே அம்மன் கோயிலில் மாலை மாற்றச் செய்தாள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்துக் கட்டச் செய்தாள். கணேஷ்குமாருக்குத் தங்கை இல்லாததால், விதவை என்றும் பாராமல், இரண்டாவது மூன்றாவது முடிச்சைக் காளியம்மாவே போட்டாள். பதினாறு படம் எடுக்கச் செய்தாள். கடைசியாக, குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல், தாமுவே வீட்டின் குடும்பப் பட்டியலிலிருந்து மகளின் பெயரை எடுத்து அலோன் வீட்டுப் பட்டியலில் சேர்த்தாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா?" என்றான் குமாஸ்தா.

"கட்டிக்குடுத்த பொண்ணு பேரு ஆத்தா வீட்டுப் பட்டியல்ல இருந்தா எவன் நம்புவான்?"

குடும்பப் பட்டியல் என்பது இந்த ஊரில் சாதாரணத் தாள் இல்லை. எந்தக் கூரையின்கீழ் யார் யார் என்று வட்டார அலுவலகம் முத்திரை குத்தி வைத்திருப்பது. அதில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பிணை. சந்தையில் கூட்டு வியாபாரம் மாதிரி: ஒருத்தன் ஓடினால் மற்றவன் சட்டையைப் பிடிப்பார்கள். சொர்ணம்மாளுக்கு இது தெரியாததல்ல. மகளுக்கு ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று எண்ணியிருந்தாளோ, அந்தப் பக்கத்துக் கதவை மட்டும் நன்றாகப் பூட்டினாள்.

பெண்களை அழைக்கும் ஓலை அந்த வட்டாரத்தில் மழைக்காலம்வரை ஒருத்திக்கும் வரவில்லை.

விஜயாவுக்கு இங்கிலாந்தைத் தெரியும். பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் அப்துல் சமது பாய்தான் அறிமுகம் செய்துவைத்தார். ஆங்கிலம் பழக வேண்டும் என்று போய் நின்றவளுக்கு, அட்டை கிழிந்த தடித்தடி நாவல்களாக எடுத்துக் கொடுத்தார். படித்துத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை திரும்ப வரும். எல்லாவற்றிலும் ஒரே சரக்குத்தான். நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து. அநாதைப் பெண். சலவைச்சாலை, நூற்பாலை, நிலக்கரிப் புகை. பசி. கையில் கொப்புளம். அடிக்கிற சிற்றப்பன். முந்நூறாம் பக்கத்தில் காய்ச்சலில் தங்கை சாவாள். நானூறாம் பக்கத்தில் நல்லவன் ஒருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வருவான்.

"எல்லாம் கடைசியில கல்யாணத்துலதான் போய் முடியுது பாய்."

"அப்படி முடியாத புத்தகத்த நான் எடுத்து வெக்கிறதே இல்லம்மா. வெல போகாது."

விஜயாவின் கதையில் கல்யாணம் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. அதை அவள் சமது பாயிடம் சொல்லவில்லை.

தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், இங்கிலாந்தின் வடக்கே கடலோர ஊர் ஒன்றிலிருந்து முதியோர் இல்லக்காரர்கள் வீடியோவில் நேர்காணல் வைத்தார்கள். மின்சாரம் போய்விடும் என்று பக்கத்து டீக்கடை ஜெனரேட்டருக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இந்த வேலை ஏன் வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரப் பெண்மணி கேட்டாள். விஜயா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அதாவது நூற்பாலைப் பெண்களின் ஆங்கிலத்தில், 'அம்மையீர் கருணைகூர்ந்து இவ்வேழைக்கு ஒரு நல்வாய்ப்பு நல்குவீராயின்' என்கிற தோரணையில் ஆரம்பித்தாள். அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "எங்கள் இல்லத்துக் கிழவர்களுக்கு உன்னை மிகவும் பிடிக்கும். அவர்களும் இப்படித்தான் பேசுவார்கள்" என்றாள். வேலை கிடைத்துவிட்டது.

மே மாதம் நடுவில் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று, வெளிநாட்டிலிருந்து இந்த வேலைக்கு ஆள் எடுப்பதை இங்கிலாந்து நிறுத்தப்போகிறது என்பது. ஜூலை இருபத்திரண்டாம் தேதியோடு கதவு சாத்தப்படும் என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் சேர்ந்தது. இன்னொன்று, அலோன் வட்டாரப் பட்டாளக் குலுக்கலில் கணேஷ்குமாரின் சீட்டு விழுந்தது.

கூட்டிப்போக வந்த அன்று அவன் காலையில் குளித்து, கன்னத்தில் தனாக்காப் பட்டை அரைத்துப் பூசிக்கொண்டு, வண்டியில் ஏறினான். "நல்லா இருக்கேனா?" என்று விஜயாவைக் கேட்டான். "பட்டாளம் பயந்துரும்" என்றாள். காளியம்மா வண்டியின் பின்னால் மூன்று தெரு ஓடினாள்.

வட்டாரத் தலைவரை எல்லாரும் ஒக்கட்டா என்பார்கள். அவர் மறுநாள் காளியம்மாவையும் விஜயாவையும் வரவழைத்து, பர்மியில் மிக மரியாதையாகப் பேசினார். பையன் முகாமில் ஒழுங்காக இருக்கும்வரை உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஓடிப்போனால் பட்டியலில் மிச்சம் இருப்பவர்கள் பொறுப்பு. மிச்சம் இருப்பது யார் என்று விரலை வைத்துப் பார்த்து, பர்மிய மரியாதைப் பட்டத்தோடு வாசித்தார். டோ காளியம்மா, வயது ஐம்பத்தேழு. மா விஜயகுமாரி, வயது இருபத்து நாலு. வேறு பெயர் இல்லை.

கணேஷ்குமார் ஓடத்தான் போகிறான் என்பது மூன்று பெண்களுக்கும் தெரியும். முகாமுக்குள் பெட்டிக்கடை வைத்திருந்த சார்ஜண்டின் மனைவி, ஐந்து நிமிஷம் பேசக் காசுக்குப் போன் கொடுப்பாள். அதில் முதல் வாரமே அவன் சொல்லிவிட்டான். அவனோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். வெளியே லாரிக்காரன் ஒருவன் தாய்லாந்து எல்லைவரை கொண்டுபோய்விட ஒத்துக்கொண்டிருந்தான். எப்போது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்காக ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காளியம்மாவின் அறையில் பேச்சுவார்த்தை நடந்தது. வெளியே மழை. உள்ளே இரண்டு பெண்கள் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். விஜயா லபெயே கலந்து கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் டீயைத் தொடவில்லை.

"ஆகஸ்ட்டு பத்து" என்றாள் சொர்ணம்மாள். "ஜூலை பதினாறு அவளுக்குக் கைரேகை எடுக்கத் தேதி குடுத்திருக்கான். விசா வந்து, பிளேன் ஏறணும். அதுக்கப்புறம் கணேசு எங்க வேணா போகட்டும். நீ த்வாண்டேக்கு உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிரு."

"ஆகஸ்டா? பயிற்சியே ஜூலைல முடியுது மதினி. முடிஞ்சா மேற்க ரக்கைன் பக்கம் சண்டைக்கு அனுப்பிருவான். போன பேட்ச்சுல இந்த வட்டாரத்துலேர்ந்து நாப்பது பேரு போனானுக. மூணு பேரு குரல்தான் போன்ல கேட்டுச்சு."

"சரி. ஆகஸ்ட்டு ஒண்ணு."

"ஜூன் முப்பது."

"ஜூன் முப்பதுன்னா எம் பொண்ணு இங்கேயே கெடந்து சாகவா? உம் பையன் ஓடுன மறுநாளு ஒக்கட்டா வந்து நிப்பான்!"

"அப்ப உம் பொண்ணு பறக்குறதுக்கு எம் பையன் குண்டடி படணுமா?"

இப்படி ஒரு நிலைமையில் சந்தையில் என்ன செய்வார்களோ அதையே சொர்ணம்மாள் செய்தாள்: எழுந்திருப்பது போலப் பாவனை செய்தாள். சந்தையில் எழுந்தால் எதிராளி முந்தானையைப் பிடித்து இழுப்பாள். காளியம்மா இழுக்கவில்லை. சொர்ணம்மாள் தானே மறுபடி உட்கார்ந்தாள். அவள் வாழ்நாளில் அது முதல் தடவை.

"ஜூலை இருவது" என்றாள், குரலைத் தாழ்த்தி. "கைரேகை முடிஞ்சுரும். பாஸ்போர்ட்டு விசா ஆபீசுக்காரன் கையில இருக்கும், ஒக்கட்டாவால அதத் தொட முடியாது. விசா வந்தா, பாங்காக் போற முத பிளேன்ல ஏத்திருவேன். அங்கேருந்து அவ போய்க்கட்டும். இதுக்குக் கீழ என்னால எறங்க முடியாது காளி. சத்தியமா முடியாது."

காளியம்மா விரல்விட்டு எண்ணினாள். எண்ணினது நாட்களை. பிறகு, "பதினெட்டு" என்றாள்.

"பதினெட்டு."

தேதி முடிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். விஜயா ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணி வந்தாள். தன்னுடைய ஆயுளையும் கணேசுடைய ஆயுளையும் ஒரே தராசில் இரண்டு தட்டாக வைத்து இவர்கள் நிறுத்ததைப் பார்த்தபோது, கோபம் வரவில்லை அவளுக்கு. நிறுக்காமல் கைப்பிடி அளவாக எடுத்துக் கொடுக்கிறவர்கள் இந்த ஊரில் பிழைத்ததில்லை.

ஜூலை எட்டாம் தேதி, விஜயா விண்ணப்பத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு முடித்தாள். பாஸ்போர்ட், சளிப் பரிசோதனைச் சீட்டு, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், இல்லக்காரர்கள் அனுப்பிய வேலை உறுதி எண். ஒன்பதாம் தேதி மத்தியானம் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோய்ச் சந்தையில் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"இங்கிலாந்து ராணியம்மா இருக்காங்களா?" கணேஷ்குமார்தான். சிரித்துக்கொண்டே பேசினான், மூச்சு மட்டும் வேகமாக வந்தது.

"சொல்லு கணேசு."

"நாளைக்கு காலையில வண்டி ஏறச் சொல்லிட்டானுக. ஒரு வாரம் முன்னாடியே அனுப்புறானுகளாம். மேற்கதான். போற வழியில, ரோடு ஆத்த ஒட்டிப் போற எடத்துல குதிச்சாதான் உண்டு. அதத் தாண்டிட்டா ரெண்டு பக்கமும் செக்கிங். லாரிக்காரன்கிட்டயும் பேசிட்டோம்."

விஜயா சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தாள்.

"அம்மாக்கு போன் பண்ணா அழும், ஓடுடான்னு சொல்லும். அத்தைக்குப் பண்ணா இருடான்னு சொல்லும். அதான் ஒனக்குப் பண்ணேன். நீ சொல்லு விஜி. பேசுன தேதி பதினெட்டு. நீ இருன்னா இருக்கேன். அங்க போயும் வழி இருக்கும், பாத்துக்கலாம்."

அங்கே போனால் வழி இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஐந்து நிமிஷத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறான் என்பதும் தெரியும்.

சொர்ணம்மாள் பேச்சிலிருந்தே புரிந்துகொண்டுவிட்டாள். கல்லாவைத் தாண்டி எழுந்து வந்து மகளின் கையைப் பிடித்தாள். "இருக்கச் சொல்லு. ஒரு வாரந்தாண்டி! பதினாறுக்கு இன்னும் ஒரு வாரந்தான்! முன்னால போனவனெல்லாம் அன்னைக்கேவா செத்தான்? சொல்லுடி!"

"விஜி? கேக்குதா? இந்தம்மா வாட்ச்ச காட்டுது."

விஜயா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வெங்காயக் குவியலைப் பார்த்தாள். பின்பு போனில், "ஓடு" என்றாள்.

"நெசமாவா?"

"ஓடு கணேசு. வலது கால்ல குதிக்காத, பழைய சுளுக்கு இருக்கு."

போன் அறுந்தது. சொர்ணம்மாள் அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கைக்காரி வந்து அரை வீசை வெங்காயம் கேட்டாள். சொர்ணம்மாள் தராசைத் தொடவே இல்லை. கை போனபடி அள்ளி அள்ளிக் கூடையில் போட்டாள். கூடை நிறைந்து வழிந்ததும் வாடிக்கைக்காரி பயந்துபோய், "போதும் டோ சொர்ணம், போதும்" என்று பாதியைத் திருப்பிக் கொட்டிவிட்டுப் போனாள்.

விஜயா அன்று சாயங்காலமே துணி இரண்டையும், பதினாறாம் தேதிக்கு வேண்டிய உறையையும் பெட்டியில் போட்டுக்கொண்டு அலோனுக்குப் போய்விட்டாள். மகனிடமிருந்து சேதி வராமல் காளியம்மா த்வாண்டேக்கு நகர மாட்டாள்; தான் அங்கே இல்லாமல் அவள் மட்டும் இருந்தால் அவளைத்தான் கொண்டுபோவார்கள். எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் என்று சொர்ணம்மாள் சொன்னாள். ஒளிந்தால் இரண்டு தாய்மாரையும் கொண்டுபோவார்கள் என்று மகள் சொன்னாள். அதற்குமேல் பேரத்துக்கு இடமில்லை.

பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு ஒக்கட்டாவும் மூன்று பேரும் வந்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். லாரியிலிருந்து மூன்று பேர் குதித்தார்களாம். ஒருவன் பிடிபட்டான். ஒருவன் தண்ணீரில் செத்தான், உடலை ஆறு இழுத்துக்கொண்டுபோய்விட்டது. ஒருவனைக் காணவில்லை. பிடிபட்டவன் கணேஷ்குமார் இல்லை. செத்தவன் எவன், காணாமல் போனவன் எவன் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இருவரையுமே ஓடிப்போனவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

"எம் பையன் உயிரோட இருக்கானா சயா?" என்று காளியம்மா கேட்டாள்.

"அதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும்" என்றார் ஒக்கட்டா.

பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உறை மேலேயே இருந்தது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, மற்றத் தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். கைரேகைக்கு நாலு நாள் இருந்தது. இனி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இருவரும் அலுவலகம் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் ஒக்கட்டா. விஜயா, "கணக்குத் தீரும்வரைக்குமா சயா?" என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, அவன் வரும்வரை, அல்லது பிணம் வரும்வரை என்றார்.

ஜூலை இருபத்திரண்டு வந்தது, போனது. அன்று மழை இல்லை. விஜயா காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சீனக் கிழவரைக் குளிப்பாட்டினாள், மத்தியானம் புரட்டிப் படுக்கவைத்தாள். அவர் வாய் கோணலாக ஏதோ கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள்.

செவ்வாய்க்கிழமைகள் நடந்தன. காளியம்மா முதல் வாரம் நடக்க முடியாமல் விஜயாவின் தோளில் தொங்கிக்கொண்டு போனாள். மூன்றாவது வாரம் அவளே முன்னால் நடந்தாள். ஐந்தாவது வாரம் விடிந்ததுமே தலைவாரி, புருஷன் போனபின் வைக்காத பூவை வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். விஜயாவுக்கு விளங்கவில்லை.

"என்ன மாமி, கோயிலுக்கா போறோம்?"

"கையெழுத்துக் கேக்குறான்ல?"

"ஆமா, கேக்குறான்."

"அப்ப பொணம் கெடைக்கல." காளியம்மா குடையை விரித்தாள். "கெடைச்சிருந்தா வேணாம்பான். நீ விதவை, வீட்டுக்குப் போன்னுருவான். கேக்குற வரைக்கும் எம் புள்ள இருக்கான். நட."

அதன்பின் விஜயாவும் அந்த மாதிரியே நினைக்கத் தொடங்கினாள். வேண்டுமென்று நினைக்கவில்லை; பக்கத்தில் நடப்பவளின் நடைக்கு நம் கால் தானாக ஒத்துப்போகுமே, அப்படி. வாரம் ஒருமுறை அலுவலகப் படியில் ஏறும்போது, இன்றைக்கும் எழுத்தர் அந்தக் கையெழுத்து நோட்டை எடுத்து நீட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். எழுத்தர் நோட்டை எடுக்கத் தாமதித்தால் இரண்டு பேரும் அவர் கையையே பார்த்தார்கள். தன்னைக் கட்டிவைத்திருக்கும் கயிறு அறுந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிற நிலைக்கு ஆளை இழுத்துக்கொண்டு வருவது சின்ன வேலை இல்லை. அதை யாரும் அவளுக்குச் செய்யவில்லை, தானாக வந்து சேர்ந்தது.

எல்லையிலிருந்து ஒரு போனும் வரவில்லை. எல்லைக்கு அப்பால் மேசாட்டுக்குப் போய் வந்த ஒருவன் அங்கே தமிழ்ப் பையன்கள் நிறைய இருக்கிறார்கள் என்றான். பெயர் கேட்டதற்கு, அங்கே யாரும் நிஜப்பெயர் சொல்வதில்லை என்றான்.

ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை எழுத்தர் நோட்டை எடுக்கவில்லை. காளியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவர் சொன்னது வேறு. நல்ல மனிதர்தான், வயதானவர், பெண்பிள்ளைகளைப் பெற்றவர். அறையில் வேறு யாரும் இல்லாதபடி பார்த்துக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"மா விஜயா, நான் ஒரு வழி சொல்கிறேன். போன தையில் நடந்த கல்யாணங்களில் பாதி பொய் என்று எல்லாருக்கும் தெரியும். உன்னுடையதும் பொய் என்று எழுதிக் கொடுத்துவிடு. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறேன். கையெழுத்து வேண்டாம். உன் பாஸ்போர்ட் இதோ இந்த மேசைக்குள்தான் இருக்கிறது, தந்துவிடுகிறேன். கல்யாணம் ஆகாதவள் என்று ஆகிவிடுவதால், பெண்கள் குலுக்கலில் உன் சீட்டைப் போடுவார்கள். குலுக்கல் எப்போதோ, யார் கண்டது. விழலாம், விழாமலும் போகலாம்."

மேசை இழுப்பறையைப் பாதி திறந்து காட்டினார். சிவப்பு அட்டை தெரிந்தது.

"எம் பேரு போனா பட்டியல்ல யாரு சயா மிச்சம்?"

எழுத்தர் காளியம்மாவைப் பார்க்காமல், "ஒரு பெயர்" என்றார். "அந்தப் பெயரை உள்ளே வைக்கச் சொல்லி மேலேயிருந்து ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். வேலைக்குப் போகிற பெண் ஒருத்தியும் பிணையாக இருப்பதால்தான் வெளியே விட்டிருக்கிறோம்."

காளியம்மாவுக்குப் பர்மி பேச்சு முழுக்க விளங்கியது. அவள் பிறந்ததே அந்தப் பேச்சில்தான். விஜயாவின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள், சாதாரணமாக, கடைக்குப் போய் வா என்பது போல: "எழுதிக்குடுத்துரு புள்ள. என்ன வெச்சு என்ன பண்ணிருவானுக? அங்கயும் சோறு போடுவான். உங்கம்மா என்னக் கேட்டா நான் என்னன்னு பதில் சொல்லுவேன்? வாங்கிட்டுப் போயிரு."

விஜயா இழுப்பறையைப் பார்த்தாள். அந்தப் பாஸ்போர்ட்டை இப்போது எந்த ஊர்க் கதவில் கொண்டுபோய் நீட்டுவது என்று யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கல்யாணம் பொய் என்று எழுதினால், அப்புறம் செவ்வாய்க்கிழமை வர வேண்டியதில்லை. அவன் பிணம் கிடைத்ததா இல்லையா என்று அவளுக்கு யாரும் சொல்லப்போவதும் இல்லை. சொல்ல வேண்டிய உறவு எதுவும் இருக்காது. ஓடு என்று சொன்னது அவள்தான். அதற்குப் பிறகு கல்யாணமே ஆகவில்லை என்று எழுதிக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. இதில் வீரம் ஒன்றும் இல்லை. களைப்புத்தான் அதிகமாக இருந்தது.

"நோட்ட எடுங்க சயா" என்றாள்.

"யோசித்துச் சொல்கிறாயா? இப்படி ஒரு வழி இன்னொரு தடவை வராது."

"தெரியும் சயா. நான் அவரு சம்சாரம். நோட்ட எடுங்க."

அவர் இழுப்பறையைத் தள்ளி மூடினார். பெருமூச்சு விட்டு, அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டி, மேசைமேல் வைத்தார். பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தார், தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். விஜயா அதையே வாங்கி நோட்டின்மேல் அழுத்தி அழுத்தி எழுதினாள். மையில்லாத வெறும் பள்ளமாகப் பெயர் விழுந்தது. எழுத்தர் கண்ணாடியை இறக்கி அதைச் சாய்த்துப் பார்த்தார்.

"சரி, தெரிகிறது" என்றார். "அடுத்த செவ்வாய் ஒன்பது மணிக்குள் வாருங்கள். வரும்போது பேனா கொண்டுவாருங்கள்."